கட்சி சாராமை எதுவரை?

கட்சி சாராத ஒரு சிறு குழுவால் ஜனநாயகத்துக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களிடம் கொல்கத்தாவிலிருந்து போன ஒரு கடிதத்தைக் காட்டலாம். மேற்கு வங்க சட்ட உதவிச் சேவை என்ற அமைப்பின் செயல் தலைவர் டி.கே. பாசு, 1986 ஆகஸ்ட் 26 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதியது அது. போலீஸ் காவலில் நிகழ்ந்த சாவுகளைப் பற்றி நாளிதழ்களில் வந்த செய்திகளை எடுத்துக்காட்டி, இதற்கு ஒரு நெறி வேண்டும் என்று கேட்டிருந்தார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக ஏற்றது. தீர்ப்பு வரப் பத்தாண்டு ஆனது. கைது செய்பவரின் பெயரும் பதவியும் தெரியும்படி பட்டை, சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று 1996 டிசம்பர் 18 அன்று விதிக்கப்பட்ட நிபந்தனைகள் இன்று நாடு முழுவதற்கும் பொருந்துகின்றன.

அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது மாநிலத்தை ஆண்டது இடது முன்னணி. அதே செய்திகளை எதிர்க்கட்சி திரட்டி அனுப்பியிருந்தால், தேர்தல் கணக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிதாக இருந்திருக்கும். எழுதியவருக்கு அதில் சொந்த ஆதாயம் எதுவும் இல்லாததால்தான் அவர் வைத்த சான்றை மட்டும் வைத்துப் பேச வேண்டியிருந்தது. கட்சி சாராமையின் முழு வலிமையும் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1999இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம், அதாவது ஏ.டி.ஆர்., இதே வழியில் இன்னும் தூரம் போனது. வேட்பாளர் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்துக் கணக்கையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதை 2002, 2003 தீர்ப்புகள் உறுதிசெய்தன. தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரி 15 அன்று செல்லாது என்று அறிவிக்கப்பட்டதிலும் அதற்குப் பங்குண்டு.

ஆனால் அதே சங்கம் தொகுத்த எண்களே அதன் வழிமுறைக்கு எதிராகவும் சாட்சி சொல்கின்றன. தம்மீது குற்ற வழக்கு இருப்பதாகத் தெரிவித்த மக்களவை உறுப்பினர்கள் 2009இல் 30 விழுக்காடு, 2014இல் 34, 2019இல் 43, 2024இல் 46. தகவல் தெரிந்தால் வாக்காளர் திருத்திவிடுவார் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை. தெருவுக்குத் தண்ணீர் வரவும் மகனுக்குச் சான்றிதழ் வாங்கவும் வழக்குள்ள அந்தக் கட்சிக்காரரிடம்தான் போயாக வேண்டும் என்றிருக்கும்போது, அவர்மீதுள்ள வழக்குகளின் பட்டியல் வாக்காளரின் கையைத் தடுக்காது. அறிக்கை எழுதுவதோடு குழுவின் வேலை முடிந்துவிடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வங்கத்தில் இந்தச் சிக்கல் கூடுதலாகவே உண்டு. அங்கே பாடா எனப்படும் தெருவாழ்க்கைக்குள் கட்சி புகாத இடம் குறைவு. துர்கா பூஜைக் குழுக்களுக்கு 2018இல் தலா 10,000 ரூபாயாகத் தொடங்கிய அரசு உதவி 2025இல் 1,10,000 ரூபாயாகிவிட்டது. அந்த உதவியை வாங்கும் பூஜைக் குழு, வார்டுத் தேர்தலில் நடக்கும் முறைகேட்டைக் கண்டால் வாய் திறக்குமா? கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டைச் சுற்றிப் பல தலைமுறையாக வாழும் தமிழர்களோ வேறொரு வழியைப் பிடித்துக்கொண்டார்கள்: சபா, சங்கம், கோயில், கச்சேரி, அரசியல் வேண்டாம். பிழைக்க வந்த இடத்தில் அந்த ஒதுக்கம் ஒரு பாதுகாப்பாக இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரசியல் பேசாமல் இருப்பதும் கட்சி சாராமல் அரசியல் பேசுவதும் வேறு வேறு. 1972இல் கொல்கத்தாவில் தோன்றிய ஜனநாயக உரிமைகள் பாதுகாப்புச் சங்கம், ஏ.பி.டி.ஆர்., நெருக்கடி நிலையில் தடை செய்யப்பட்டது. பின்னாளில் இடது முன்னணி ஆட்சியில் நந்திகிராமத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூடு பற்றியும் அது குரல் எழுப்பியது. கட்சி சாராமல் பேசுவதற்கு அதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

இந்த வேறுபாடு லேக் மார்க்கெட் வீடுகளுக்குள்ளேயே வந்து நின்றது, 2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், எஸ்.ஐ.ஆர்., தொடங்கியபோது. மேற்கு வங்கத்தில் ஒவ்வொருவரும் 2002 பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிக் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல் வங்காளத்தில் இருக்கிறது. ஐம்பது ஆண்டு அங்கே இருந்து வங்காளம் சரளமாகப் பேசும் பல தமிழ் முதியவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. 2002க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டின் பழைய பட்டியலைத் தேட வேண்டியிருந்தது. அதிலோ தொகுதிகள் 2008 மறுவரையறைக்கு முந்தைய பெயரில் கிடக்கின்றன. தேடி எடுத்தாலும் அது தமிழில் இருக்கிறது. பாகம் வாரியாகப் படிவம் வாங்க வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு, அதாவது பி.எல்.ஓ.வுக்கு, தமிழ் தெரியாது. போதாக்குறைக்கு நம் இனிஷியல். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும் இன்னோரிடத்தில் குடும்பப் பெயராகவும் ஏறியிருக்கும். பெற்றோர் பெயர் பொருந்தவில்லை என்பது போன்ற காரணங்களுக்காக அந்த மாநிலத்தில் பெருந்தொகையானோருக்கு விசாரணை நோட்டீஸ் போனது. டிசம்பர் 16 வரைவுப் பட்டியலில் சுமார் 58 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு எனக் காரணங்கள் சொல்லப்பட்டன.

தமிழ், வங்காளம் இரண்டு எழுத்தும் தெரிந்த ஒருவர் மாலையில் இரண்டு மணி நேரம் சபா அறையில் உட்கார்ந்து பழைய பட்டியலைத் தேடித் தந்தால், அது எந்தக் கருத்தரங்கையும்விடப் பெரிய ஜனநாயகப் பணி. இதற்கு வழக்கறிஞர் பட்டம் வேண்டாம். நீதிமன்ற வழியும் இதோடு சேரும்போதுதான் பயன்படுகிறது. பீகாரில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, ஏ.டி.ஆர். உள்ளிட்டோரின் வழக்கில், நீக்கப்பட்டவர் பட்டியலைக் காரணத்தோடு வெளியிடுமாறு 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெளியான பட்டியலைத் தெருத்தெருவாகச் சரிபார்க்க ஆள் இல்லையென்றால் அந்த உத்தரவு வெறும் காகிதம்.

இங்கே குழுவின் நேர்மைக்கு ஒரு சோதனையும் உண்டு. ஓய்வுபெற்றுச் சென்னைக்குப் போய், அங்கேயும் பதிவு செய்துகொண்டு, கொல்கத்தாவின் ராஸ்பிஹாரி தொகுதியிலும் பெயரை விட்டுவைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் இருக்கக்கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஏழாம் எண் படிவத்தைச் சொந்த உறுப்பினர் கையில் கொடுத்து "மாமா, ஒரு இடத்துப் பேரை எடுத்துடுங்கோ" என்று சொல்லத் துணியாத குழு, அடுத்தவர் பெயர் அநியாயமாக நீக்கப்பட்டது என்று பேசும்போது யார் நம்புவார்கள்?

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. இத்தகைய குழுக்களில் சேர்வோர் பெரும்பாலும் ஓய்வூதியமும் நேரமும் உள்ளவர்கள். அவர்கள் வீட்டுப் படிவங்கள் பிழையின்றிப் போய்ச் சேரும். அதே வீடுகளில் பாத்திரம் தேய்க்க விடியற்காலை ரயிலேறி தெற்கு 24 பர்கானாவிலிருந்து வரும் பெண்ணுக்கு, பி.எல்.ஓ. வரும் நேரத்தில் தன் ஊரில் இருக்க முடியாது. அவளுக்கு ஒரு நாள் விடுப்பு கொடுத்து, அவள் படிவத்தையும் உட்கார்ந்து பார்ப்பதுதான் குடிமக்கள் குழு செய்ய வேண்டியது. தமிழர் படிவத்தோடு நின்றால் அது சாதிச் சங்கத்துக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்தாலும் வாக்குச்சாவடி வாசலில் இவர்கள் நின்றுவிட வேண்டியிருக்கிறது. வாக்குச்சாவடி நிலை முகவரை நியமிப்பது அங்கீகாரம் பெற்ற கட்சிகள். வாக்குப்பதிவு நாளில் உள்ளே உட்கார்பவர் வேட்பாளரின் முகவர். கட்சி சாராத குடிமகனுக்கு வாக்காளர் என்பதைத் தவிர அங்கே வேறு இடமில்லை. இலங்கையில் நிலைமை வேறு. 1987இல் தொடங்கிய பெப்ரல், 1997இல் உருவான தேர்தல் வன்முறை கண்காணிப்பு மையம் போன்றவற்றின் ஆட்கள் தேர்தல் ஆணையத்தின் அனுமதியோடு கண்காணிக்கிறார்கள். போர் நடந்த நாட்டில் முடிந்தது இங்கே முடியாது என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கட்சி முகவருக்குத் தரும் பட்டியல் நகலையும், அவர்களோடு நடத்தும் கூட்டத்தில் ஓர் இடத்தையும் பதிவுபெற்ற குழுக்களுக்கும் தர வேண்டும் என்று ஆணையத்திடம் கேட்டு வாங்கும் வேலையில் ஏ.டி.ஆர். போன்ற பெரிய அமைப்புகளும் லேக் மார்க்கெட் சபாக்கள் போன்ற சிறிய அமைப்புகளும் ஒன்றாகக் கையெழுத்திட வேண்டும்.