கொம்பனித்தெருவில் ஒரு மாலைநடை: ருசியும் இசையும் சொல்லாமல் விட்டவை

ஓர் ஊரைச் சுற்றிக் காட்டுவதும் ஒரு பிரதியை எழுதுவதுபோலத்தான். எங்கே தொடங்குவது, எந்தச் சந்தியில் நிற்பது, யாரைப் பேசவிடுவது, எதைச் சொல்லாமல் கடந்துபோவது என்பதெல்லாம் எழுதுகிறவன் எடுக்கும் முடிவுகளை ஒத்தவை. ஆகவே கொழும்பில் இப்போது பரவலாகிவரும் உணவு, இசை நடைச்சுற்றுலாக்களையும் விமர்சனக் கண்ணோடு வாசிக்கலாம். வாசிக்கத்தான் வேண்டும். அவற்றுள் சில நமது தெருக்களின் வழியேதான் நடக்கின்றன. நமது அடுப்பில் வெந்ததைத்தான் பரிமாறுகின்றன.

இங்கே எடுத்துக்கொள்வது கொம்பனித்தெருவில் நடந்த ஒரு மாலைநடை. வந்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டார்; மீதிப்பேர் கொழும்பார். புகையிரத நிலையத்தருகே தொடங்கி, மலே வீதி வழியாக ஒழுங்கைகளுக்குள் நுழைந்து, புட்டும் பாபத்தும், நாசிகோரெங், கொத்து, கடைசியில் வட்டிலப்பமும் பிளேன்டீயும் என்று முடிந்தது. வழிகாட்டியின் தோளில் ஒரு சிறிய ஒலிபெருக்கி. ஒவ்வொரு தரிப்புக்கும் ஒரு பாட்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். "பொறந்ததிலேர்ந்து கொழும்புலதான் ஈக்கிறன், இந்த ஒழுங்கைக்குள்ள வந்ததே இல்ல" என்று கூட வந்த ஒருவர் வியந்தார். சொந்த ஊரை வாகனக் கண்ணாடிக்குள்ளால் மட்டும் பார்த்துப் பழகிய ஒரு தலைமுறையை இறக்கி நடக்க வைப்பதே ஒரு சேவைதான். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்துவைத்த இடம் என்ற வரலாற்றையும் வழிகாட்டி மறைக்கவில்லை. 'ஸ்லேவ் ஐலண்ட்' என்ற பெயரின் சுமையை அவர் நிதானமாகவே விளக்கினார்.

ஆனால் அடிமைகளிலிருந்து அவர் ஒரே தாவலில் புட்டுக்கு வந்துவிட்டார். இடையில் ஒரு சமூகமே விடுபட்டுப்போனது. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் வந்த மலாயர், பிரித்தானியர் காலத்தில் சிலோன் ரைபிள் படையில் சேர்ந்து இப்பகுதியில் வேரூன்றினர். ரைபிள் வீதி, ஜாவா ஒழுங்கை என்ற பெயர்களே அதற்குச் சாட்சி. 1873இல் அப்படை கலைக்கப்பட்டது. சம்பளம் நின்றுபோன குடும்பங்கள் பிறகு எப்படிப் பிழைத்தன என்ற கேள்வியைக் கேட்டிருந்தால், பாபத் வெறும் 'வித்தியாசமான ருசி'யாக நின்றிருக்காது. இரைப்பையைச் சுத்தம் செய்து, மணிக்கணக்காக அவித்து, மசாலாவில் இறக்கும் அந்தக் கைவேலை, மலிவான உறுப்பிறைச்சியை விருந்தாக்கத் தெரிந்தவர்களின் அறிவு. வட்டிலப்பத்தை மலாயரின் பண்டம் என்று சொல்லி முடித்தார்கள். பெயரைப் பிரித்துப் பார்த்தால் வட்டிலும் அப்பமும் தமிழாக நிற்கின்றனவே! ஒரு கோப்பைக்குள் இரண்டு சமூகங்கள் பேசிக்கொள்வதைக் காட்ட நல்ல வாய்ப்பு; கைநழுவிப் போனது.

இசை விடயத்தில் குறை இன்னும் பெரிது. மொஹிதீன் பேக்கின் சிங்களப் பாட்டொன்றை ஒலிக்கவிட்டு, 'இன ஒற்றுமையின் சின்னம்' என்று ஒரு வரி சொல்லி நகர்ந்துவிட்டார்கள். சேலத்தில் பிறந்து இங்கு வந்தவர் பேக். 1947இல் வெளிவந்த 'அசோகமாலா' சிங்களப் படத்தில் பாடினார். அதற்கு இசையமைத்த முஹம்மத் கௌஸும் ஒரு முஸ்லிமே. பௌத்த பக்திப் பாடல்களைத் தன் குரலால் வீடுவீடாகக் கொண்டுசேர்த்த கலைஞனை ஒரு சின்னமாகச் சுருக்கிவிட்டால், அவர் பாடியது எப்படி, எந்த மரபிலிருந்து என்பதைக் கேட்கவே தேவையில்லாமல் போய்விடுகிறது. பாட்டு அங்கே சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலாகிவிட்டது.

தெருவுக்கே உரிய ஒலிகளோ ஒலிபெருக்கிக்குள் வரவில்லை. மலாய்க் கல்யாண வீடுகளில் மாறிமாறிப் பாடப்பட்ட பந்துன், றபான் தட்டிப் பைத் பாடிவரும் பாவாமார், மௌலூது மஜ்லிஸ்கள் எதுவுமே இல்லை. நமது அரபுத் தமிழைப் போல அரபு எழுத்தில் மலாய் எழுதிய சமூகம் இது. 1869இலேயே பாபா யூனுஸ் ஸல்டின் 'அலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகையைக் கொழும்பில் வெளியிட்டார். பி. ஏ. ஹுஸைன்மியா போன்ற ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் தேடி எழுதி வைத்திருக்கிறார்கள். வாசிக்காத வழிகாட்டிக்கு எல்லாத் தெருவும் தின்பண்டத் தெருதான்.

மிகப்பெரிய மௌனம் தலைக்கு மேலே நின்றது. அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள்; அவற்றின் கதையைக் கேட்கவில்லை. 2010இல் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் நகர மீளமைப்பின் பெயரால் பல குடும்பங்கள் மாடிவீடுகளுக்கு மாற்றப்பட்டன. மாடிவீட்டில் குழாய்த் தண்ணீர் உண்டு, கழிப்பறை உண்டு; தெருவைப் பார்த்த வாசல் கிடையாது. காலையில் இடியப்பமும் மாலையில் கட்லட்டும் வாசலில் வைத்து விற்ற உம்மாமாருக்கு வாசல்தான் கடை, வாசல்தான் வருமானம். பன்னிரண்டாம் மாடிக்கு ஏறி வந்து யார் இடியப்பம் வாங்குவார்? நாம் ருசி பார்ப்பது வேகமாக அழிந்துவரும் ஓர் ஏற்பாட்டின் மிச்சத்தை என்பதைச் சொல்லாத நடை, பசியைத் தூண்டலாம், ஊரைக் காட்டாது.

வழிகாட்டியை மட்டும் குறைசொல்லி நாம் தப்பிக்க முடியாது. நமது பாடசாலைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இலக்கிய வட்டங்களும் இத்தகைய நடையொன்றை ஏன் இன்னும் ஒழுங்கு செய்யவில்லை? ஒழுங்கையில் பிறந்த பிள்ளைகளே வழிகாட்டட்டும். சமைத்தவரின் பெயரைச் சொல்லட்டும். கட்டணத்தில் அவருக்கும் பங்கு போகட்டும். பந்துன் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் குரலைப் பதிவு செய்யட்டும். அந்தக் குரல்கள் போன பிறகு ஒலிபெருக்கி மட்டுந்தான் மிஞ்சும்.