கண்டிச் சீமையின் உணவும் வந்தோர் நோக்கும்

ஓர் ஊரின் உணவைப் பற்றி அவ்வூரவர் எழுதுவது குறைவு. நாள்தோறும் உண்பது எழுதுதற்குரிய பொருளாக எவருக்கும் தோன்றுவதில்லை. வெளியிலிருந்து வருபவருக்கே அது புதுமையாகப் படுகின்றது. அவரே அதனை எழுதியும் வைக்கின்றார். கண்டி நகரும் அதனைச் சூழ்ந்த மலைப்பிரதேசமும் இதற்கு விலக்கல்ல. 1815 வரை தனியரசாக விளங்கிய இப்பகுதியின் உணவு குறித்து அச்சேறிய எழுத்துக்களுட் பெரும்பாலானவை வந்தோர் எழுதியவையே. 1988ஆம் ஆண்டு கண்டி நகர் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னர் இவ்வகை எழுத்து மேலும் பெருகியது. விடுமுறையைக் கழிக்க வந்தவர் முன்பின் அறியாத நகரில் உள்ளூர் உணவைக் ‘கண்டுபிடித்த’ வரலாறு இன்று ஒரு தனி எழுத்துவகையாகவே வளர்ந்துள்ளது.

இவ்வெழுத்துக்களை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? உணவைப் புகழ்ந்தவர் நல்லவர், இகழ்ந்தவர் தீயவர் என்று கொள்வது எளிது. ஆனால் அது திறனாய்வாகாது. ஓர் உணவை அறிதல் என்பது அதன் சுவையை அறிதல் மட்டுமன்று. அது எந்நிலத்தில் விளைந்தது, யார் உழைப்பில் உருவாயிற்று, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமற் போயிற்று என்பவற்றை அறிதலும் ஆகும். இவ்வகையில் நோக்கும்போது கண்டியின் உணவைச் சந்தித்த இரு ஆங்கிலேயரை ஒப்பிடுதல் பயனுடையது. ஒருவர் பதினேழாம் நூற்றாண்டின் கைதி. மற்றவர் இருபதாம் நூற்றாண்டின் விருந்தினர்.

றொபேட் நொக்ஸ் விரும்பி வந்தவரல்லர். 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவையண்டிச் சிறைப்பிடிக்கப்பட்ட அவர், இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சிக்குட்பட்ட கண்டி நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது இலங்கை வரலாற்று நூல் அரசியல், சமயம், வழக்காறு முதலியன பற்றிப் பேசுவது யாவரும் அறிந்ததே. ஆயின் அந்நூலில் உணவு பெறும் இடம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

நெல்லைப் பற்றிக் கூறும் நொக்ஸ், அதன் சுவையிலிருந்து தொடங்கவில்லை, காலத்திலிருந்து தொடங்குகிறார். ஏழு மாதத்தில் விளைவது முதல் மூன்று மாதத்தில் விளைவது வரை வகைகளைப் பெயருடன் நிரற்படுத்தி, வயலுக்கு எவ்வளவு காலம் நீர் கிடைக்குமோ அதற்கேற்ற நெல்லையே மக்கள் விதைத்தனர் என விளக்குகிறார். பலாவைப் பற்றிய அவரது குறிப்பும் இத்தகையதே. பிஞ்சு, முற்றிய காய், பழம் எனும் மூன்று நிலைகளுக்கும் சிங்களத்தில் வழங்கும் வெவ்வேறு பெயர்களை அவர் பதிவுசெய்துள்ளார். அவற்றுள் ‘பொலொஸ்’, ‘கொஸ்’ ஆகிய பெயர்களை இன்றும் கண்டிச் சந்தையிற் கேட்கலாம். பலா மக்களின் உணவிற் பெரும்பங்கு வகிப்பதையும் அவர் கண்டுகொண்டார். அரிசி குறைந்த வீட்டில் பலாவே சோறு என்ற உண்மையை இலங்கை அரசு மிகப் பிற்காலத்திற் சட்டமாக்கியது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின்படி அனுமதியின்றிப் பலாமரத்தைத் தறித்தல் ஆகாது.

நொக்ஸின் பார்வை தட்டோடு நின்றுவிடவில்லை. உயர்ந்தோர் வீட்டில் ஐந்தாறு கறிகள் பரிமாறப்படுவதையும், எளியோர் உப்பும் சிறிது இலைக்கறியும் எலுமிச்சைச் சாறும் கொண்டு சோறுண்டு நிறைவடைவதையும் அவர் அருகருகே வைத்துக் காட்டுகிறார். கணவன் உண்டு முடித்த பின்னரே மனைவி உண்பதையும், நீர்க்கலத்தில் வாய்படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதையும் குறித்துள்ளார். உணவின் வழியே ஒரு சமூகத்தின் படிநிலை முழுவதும் புலனாகின்றது.

இக்கூர்மை அவருக்கு எவ்வாறு வாய்த்தது? அது அறிவின் மேன்மையால் மட்டும் வந்ததன்று. நிலைமையின் நெருக்கடியால் வந்தது. தொடக்கத்தில் ஊரார் அளித்த சோற்றை உண்டவர், பின்னர் தம் சோற்றைத் தாமே தேட நேர்ந்தது. தொப்பி பின்னி விற்றார். இன்றைய பேராதனைக்கு அணித்தாயுள்ள எலதெத்தவில் காணி வாங்கி வீடமைத்தார். ஆடும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து ஐம்பது வீத வட்டியும் பெற்றார். இவ்விறுதிச் செய்தி மறக்கத்தக்கதன்று. மக்களின் உணவைக் கூர்ந்து நோக்கிய அதே கண், அவ்வுணவின் பற்றாக்குறையில் இலாபத்தையும் கண்டது. நொக்ஸை மனிதாபிமானியாக உயர்த்திப் பேசுவோர் இந்த வணிகனையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும். எனினும், வட்டிக்கு நெல் கொடுத்தவருக்கு நெல்லின் விலை தெரிந்திருந்தது. அவ்வறிவு அவர் எழுத்திற்கு உறுதியைத் தந்தது.

இதற்கு நேர்மாறானது டி. எச். லோறன்ஸின் நிலை. பௌத்தம் கற்பதற்காகக் கண்டியில் தங்கியிருந்த நண்பர் ஒருவரின் அழைப்பின்பேரில் 1922 மார்ச்சில் வந்த அவர், ஏரியை நோக்கிய குன்றின்மீதமைந்த மாளிகையொன்றில் ஏறத்தாழ ஆறு வாரம் தங்கினார். வேல்ஸ் இளவரசருக்காக நடத்தப்பட்ட பெரஹராவைக் கண்டு யானையைப் பொருளாகக் கொண்ட கவிதையொன்றையும் எழுதினார். ஆனால் நகரின் உணவு அவருக்கு ஒவ்வவில்லை. வெப்பமும் நோயும் அவரை வாட்டின. அயனமண்டலப் பழங்கள் குமட்டலை உண்டாக்கின எனவும், தேங்காயெண்ணெயின் மணம் எங்கும் விடாது தொடர்ந்தது எனவும் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களிற் குறைபட்டுக்கொண்டார்.

தனிப்பட்ட கடிதத்தை நூலுக்குரிய அளவுகோலால் அளப்பது நீதியாகாது. நோயுற்றவருக்கு எவ்வுணவும் கசக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை. லோறன்ஸின் வெறுப்பில் ஒரு நேர்மையும் உண்டு. கண்டியின் மணம் தேங்காயின் மணமே என்பதை அவரது நாசி சரியாகவே உணர்ந்தது. தலைக்கு எண்ணெய், கறிக்குப் பால், விளக்குக்கு நெய் என இங்கு வாழ்க்கை முழுவதும் தென்னையைப் பற்றி நிற்கின்றது. குறை யாதெனின், உணர்ந்ததை அவர் வினாவாக்கவில்லை என்பதே. தமது உடலின் மறுப்பை நாட்டின் இயல்பாக அவர் மாற்றிவிட்டார். மனித உறவின் நுண்ணிய அசைவுகளையெல்லாம் நாவல்களிற் பின்தொடர்ந்த கலைஞர், தேங்காய் துருவும் கையைப் பின்தொடரவில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, அவ்வீட்டு வாழ்க்கையை உயிரோடு எழுதிய ஒருவரிடம் இக்குறை காணப்படுவது மேலும் சிந்திக்கத்தக்கது. விருந்தினர் என்ற நிலை எத்துணை வலிய திரை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இன்றைய உல்லாசப் பயணியின் எழுத்து லோறன்ஸிலிருந்து மாறுபட்டது போலத் தோன்றும். அவர் வெறுப்பதில்லை; எதனையும் புகழ்கிறார். பொலொஸ் கறியும் தேங்காய்ச் சம்பலும் அப்பமும் பாற்சோறும் அவருக்கு வியப்பளிக்கின்றன. தயிரின்மேல் ஊற்றிய கித்துள் பாணியைச் சுவைத்து உருகுகிறார். இப்புகழ்ச்சி உள்ளூராருக்கு மகிழ்ச்சியளிப்பது இயல்பே. ஆயின் திரை நீங்கிவிட்டதா என்பதே கேள்வி. கித்துள் மரத்தில் நாள்தோறும் ஏறிப் பாளையைச் சீவிப் பதநீர் இறக்குபவன் அப்பாணியின் விவரணையில் இடம்பெறுவதில்லை. சீனி கலந்த பாணி சந்தையில் மலிந்ததும், அவனது தொழிலை அவன் மகன் ஏற்கத் தயங்குவதும் அங்கு இடம்பெறுவதில்லை. பொலொஸ் கறிக்குப் பின்னால் மிளகும் கராம்பும் கமுகும் தென்னையும் பலாவும் அடுக்கடுக்காக வளரும் கண்டிய வீட்டுத்தோட்டம் நிற்கின்றது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எத்தனையோ குடும்பங்கள் மீண்டும் பலாவை நாடியதும் அக்கறியின் வரலாற்றில் ஒரு பகுதியே. இவையெல்லாம் விடுபட, எஞ்சுவது சுவை மட்டுமே. வெறுப்பும் வியப்பும் வெவ்வேறாயினும், இரண்டும் வினாவின்றி முடிவனவாதலால் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

இதனினும் பெரிய விடுபடல் ஒன்றுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னால் எழும் ஹந்தானை மலையில், பழைய தொழிற்சாலையொன்றில் 2001 முதல் தேயிலை அரும்பொருட்சாலை இயங்கிவருகின்றது. பழைய இயந்திரங்களைப் பார்த்துவிட்டுப் பயணிகள் அங்கு தேநீர் அருந்துகின்றனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை அறிந்துகொள்கின்றனர். தேநீர் கண்டியின் அடையாளமாகிவிட்டது. ஆனால் அத்தேயிலையின் கொழுந்தைக் கிள்ளும் பெண் காலையில் என்ன உண்டு மலையேறுகிறாள் என்பது ‘உள்ளூர் உணவு’ என்னும் தலைப்பின்கீழ் அரிதாகவே வருகின்றது.

அவள் உண்பது பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பாலில்லாத் தேத்தண்ணீருமாம். இது தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த மரபன்று. தொடக்ககாலத்தில் தோட்டங்கள் அரிசியைக் கொடுத்து அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தன. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது தடைப்பட்டபோது, நாடெங்கும் கோதுமை மா பங்கீட்டில் இடம்பிடித்தது. சுடுவதற்கு விரைவானது, மலைக்கு எடுத்துச்செல்ல எளிது, நெடுநேரம் பசி தாங்கும் என்பவற்றால் ரொட்டி லயன்களில் நிலைத்தது. ஆகவே அந்த ரொட்டியில் தோட்டத்தின் வேலைநேரமும் உலகப் போரும் கூலிக்கணக்கும் ஒன்றாகப் பிசையப்பட்டுள்ளன. 2022இல் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது மிகுதியாக அடிபட்டோருள் இம்மக்களும் அடங்குவர். அவர்கள் விளைவித்த தேயிலையின் மிகப்பெரும் பகுதி கடல்கடந்து செல்ல, அவர்கள் உண்ணும் மா கடல்கடந்து வரும் கோதுமையாற் கிடைப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலமான 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு, 2023இல் மலையக மக்கள் தம் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தும் சென்றனர். இருநூறு ஆண்டுகள் ஒரு மண்ணில் உழைத்த மக்களின் உணவு இன்னும் அம்மண்ணின் உணவாகக் கணிக்கப்படவில்லையெனின், குறை உணவில் இல்லை. ‘உள்ளூர்’ என்ற சொல்லுக்குக் கொடுக்கப்பட்ட பொருளில் உள்ளது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. பின்வந்த சட்டங்கள் அதனைத் திருத்தின. உணவுப் பட்டியலோ திருத்தப்படாமலேயே இருக்கின்றது.

இரண்டு நாள் விடுமுறையில் வருபவரிடம் இவ்வளவும் எதிர்பார்ப்பது மிகை என்று ஒருவர் கூறலாம். அது ஓரளவு உண்மையே. ஓய்வை நாடி வந்தவர் ஆய்வாளராக வேண்டியதில்லை. சுவையை இரசிப்பதும் குற்றமன்று. நொக்ஸைப் போல் இருபதாண்டு சிறையிருந்தாற்றான் ஓர் ஊரின் உணவை எழுதலாம் என விதித்தல் நகைப்புக்கிடமாகும். ஆயினும் உண்பதற்கும் எழுதுவதற்கும் வேறுபாடுண்டு. ஓர் ஊரின் உணவு இதுதான் என அறுதியிட்டு எழுதப் புகுபவர், அந்த அறுதிக்குள் யார் அடங்கினர், யார் அடங்கவில்லை என்று கேட்கும் கடப்பாட்டையும் ஏற்கின்றார். அதற்கு இருபதாண்டு வேண்டியதில்லை. பரிமாறுபவரிடம் ‘நீங்கள் இன்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என ஒரு வினா எழுப்பும் மனம் போதுமானது.

இக்கடப்பாடு வந்தோருக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கண்டிக்கு வந்து பயிலும் மாணவரும் ஒருவகையில் வந்தோரே. தம்மூர்ப் பிட்டையும் கூழையும் நினைந்து ஏங்கும் அவர்கள், விடுதிக்கு மேலேயுள்ள மலையில் அதே மொழி பேசுவோர் அடுப்பில் என்ன வேகின்றது என அறிய முற்பட்டது எத்துணை? கண்டிச் சீமையின் உணவு வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது. அரசவையின் பாற்சோற்றிலும் விருந்தினர் மேசையின் பொலொஸ் கறியிலும் மட்டுமன்றி, லயன் அடுப்பின் ரொட்டிக்கல்லிலும் அதன் பக்கங்கள் உள்ளன.