வான் பாயும் வன்னி

வன்னியில் மலை இல்லை. அருவி பார்க்க ஆசைப்பட்டால் நுவரெலியாப் பக்கம்தான் பஸ் ஏற வேண்டும். ஆனால் மார்கழி மழை அடித்துப் பெய்து, "இரணைமடுக் குளம் வான் பாயுதாம்" என்ற கதை கிளிநொச்சிச் சந்தைக்கு எட்டிவிட்டால், சனம் குளக்கட்டுக்குத் திரண்டுவிடும். வான் என்பது குளத்தில் மிஞ்சிய நீர் வெளியேறும் வழி.

கட்டில் ஏறி நடக்க வேண்டும். ஒருபுறம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், மறுபுறம் தாழ்வில் வயல். அலைகரைப் பக்கம் பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு. குளம் நிறைந்தால் கரையோர மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும். அவற்றின் பட்ட கொப்புகளில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்தும். மிதக்கும் சருகுகளைக் கவனித்தால், நடுக்குளத்தில் சும்மா கிடந்தவை வானை நெருங்க நெருங்க ஒரே திசைக்குத் திரும்புவது தெரியும்.

சின்னக் குளங்களின் வான் ஒரு தனி அழகு. அங்கே கதவு கிடையாது. மிஞ்சிய நீர் தானாகவே வழியும். விளிம்பில் அது சத்தமில்லாமல் வளையும். கண்ணாடி போன்ற அந்த வளைவுக்கூடாகக் கல்லில் படிந்த பாசி இழை இழையாய்த் தெரியும். ஒரு சாண் கீழே போனதும் கண்ணாடி உடைந்து நுரையாகும். சத்தம் பிறப்பதும் அந்த இடத்தில்தான்.

இரணைமடுவின் குணம் வேறு. அங்கே 14 வான்கதவுகள். கதவு மேலே எழ, நீர் அதன் அடியால் பீறிடும். விழுவதற்கு முன்பே பாயும். வவுனியாக் காடுகளில் தொடங்கி வடக்கே வந்து குளத்தை நிரப்பும் கனகராயன் ஆறு, வழியெல்லாம் அள்ளிய மண்ணின் நிறத்தோடு வெளியே வரும். கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை அதிரும். கீழே சுழிப்பில் எதிர்நீச்சலடிக்கும் மீனுக்காகக் கொக்குகள் காத்திருக்கும், வலையோடு ஆட்களும். பிறகு அந்த நீர் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போய்விடும்.

ரசனைக்கும் ஓர் எல்லை உண்டு. 2018 டிசம்பரில் கதவுகள் திறந்தபோது கீழ்ப்புறத்து ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. வான் பாயும்போது வேடிக்கை பார்க்கும் இடம் கட்டுத்தான், ஆற்றுப் படுகை அல்ல.

1902இல் கட்டத் தொடங்கிய இந்தக் குளம் வேடிக்கைக்காக எழுந்ததல்ல. பக்கத்தில் நிற்கும் கமக்காரர் நுரையைப் பார்த்துவிட்டு, "எத்தினை அடி நிக்குது?" என்றுதான் கேட்பார். வரும் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது, வழிந்தோடும் நீரல்ல, உள்ளே தங்கும் நீர். மலைநாட்டு அருவியைப் பார்ப்பவர் அழகை மட்டும் பார்க்கிறார். வன்னிக்காரருக்கு அழகும் அரிசியும் ஒரே பார்வையில் கிடைத்துவிடுகின்றன.