பண்பொழி முதல் பொதிகை வரை: மலையேறித் தொழும் மரபுகள்

பண்பொழி வட்டாரத்துப் பழைய குடும்பங்களில் மூக்கன் என்றோ மூக்கம்மாள் என்றோ பெயர் வைத்த ஒருவராவது இருப்பார். பண்பொழியை ஒட்டிய திருமலையில் கோயில் கொண்ட முருகனான குமாரசுவாமி மண்ணுக்குள் இருந்தபோது, தோண்டியவர்களின் கடப்பாரை மூக்கில் பட்டுச் சிறு வடு விழுந்தது என்கிறது தலவரலாறு. காளிக்குப் பூசை செய்துவிட்டுப் புளியமரத்தடியில் கண்ணயர்ந்த பூவன் பட்டரின் கனவில் முருகன் வந்தாராம். கோட்டைத்திரடு என்ற இடத்தில் புதைந்திருப்பதாகவும், எறும்புகள் சாரை சாரையாகப் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு வந்தால் தன்னைக் காணலாம் என்றும் சொன்னாராம். பந்தள மன்னர் சிலையை எடுத்து மலைமேல் நிறுவினார். அந்த வடுவை மறைக்கத் தோன்றாமல், அதையே செல்லப்பெயராக்கித் தங்கள் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்ந்த மக்கள் இவர்கள். சாமியோடு இத்தனை உரிமை ஏறி இறங்கிப் பழகியதால் வந்தது.

மலையேறித் தொழுவது உலகெங்கும் உண்டு. சீனத்தில் ஊடாங் மலை தாவோ துறவிகளின் இருப்பிடம். ஏமெய் மலையில் முதலில் தாவோ மடங்கள் இருந்தன, பின்னர் பௌத்தம் குடிபுகுந்து அதைத் தன் நான்கு பெருமலைகளில் ஒன்றாக்கிக்கொண்டது. தைஷானில் ஆயிரக்கணக்கான கற்படிகளை இன்றும் மக்கள் இரவில் ஏறத் தொடங்கி விடியலில் உச்சியை அடைகிறார்கள். ஒரே மலையில் பல நெறிகள் அடுத்தடுத்துக் குடியேறுவது அங்கே இயல்பு. நம் பக்கத்திலும் அப்படித்தான். பண்பொழியிலிருந்து பாபநாசம் வரையுள்ள மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் சைவமும் முருக வழிபாடும் சித்தர் நெறியும் சாஸ்தா வழிபாடும் ஒன்றையொன்று ஒட்டியே வளர்ந்தன. அவற்றுக்கு அடியில் ஒரு பௌத்த நினைவும் கிடக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் திருமலை. சுற்றியுள்ள வயல்களுக்கு மேலே ஏறக்குறைய 500 அடி உயரம் எழும் குன்று. அடிவாரத்துக்கு வண்டாடும் பொட்டை என்று பெயர். பாதி வழியில் நடுவட்டப் பிள்ளையார், இடும்பன் சந்நிதி, மேலே உச்சிப் பிள்ளையார் என்று ஏறுகிறவர்கள் எங்கெங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கெல்லாம் முன்னோர் ஒரு சாமியை வைத்திருக்கிறார்கள். ஓடி ஏறுகிறவனும் அங்கே நின்று கும்பிட்டாக வேண்டும். மலையைக் காக்கிறவள் திருமலைக் காளி. அவளிடம் சொல்லாமல் ஏறுவது முறையாகாது என்பது பெரியவர்கள் கண்ட ஒழுங்கு. காவடி எடுப்பவர், பால்குடம் சுமப்பவர், பிள்ளைக்கு முடியிறக்க வருபவர் எல்லாருக்கும் இது பொருந்தும்.

இந்த மலையின் கட்டுமானத்தை நினைக்கும்போதெல்லாம் நெடுவயல் சிவகாமி அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியாது. பிள்ளை இல்லாத அந்த அம்மையார் முருகனையே மகனாக வரித்துக்கொண்டு, துறவு பூண்டு, மண்டபத்துக்கான கற்களை மலைமேல் ஏற்ற வைத்தவர் என்று ஊர் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு கற்தூணை அடிவாரத்திலிருந்து உச்சிக்குக் கொண்டுபோவது என்றால் என்னவென்று, வெறுங்கையோடு நாலு படி ஏறியதும் இளைக்கிறவர்களுக்குத் தெரியும்.

மேலே பூஞ்சுனை இருக்கிறது. அதில் பூத்த குவளையைச் சப்த கன்னியர் பறித்து முருகனுக்குச் சாத்தினார்கள் என்பது ஐதிகம். கன்னிமாருக்குச் சுனைக்கரையிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த முருகன்மேல் பெரியவன் கவிராயர் பள்ளு பாடியிருக்கிறார். பள்ளு உழவர்களின் இலக்கியம். குன்றில் நிற்கும் தெய்வத்துக்கு நெல்வயலின் பாட்டு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள், உச்சியில் நின்று மேற்கே பார்த்தால் போதும். மேக்கரைப் பக்கம் அனுமன் நதி இறங்குகிறது, அடவிநயினார் அணை நிற்கிறது, அந்தத் தண்ணீரில் வயல்கள் பச்சை கட்டியிருக்கின்றன. மலையைத் தொழுவதும் தண்ணீரைத் தொழுவதும் இங்கே ஒரே காரியம். என் கணிப்பில், இந்தச் சரிவின் எல்லா மரபுகளுக்கும் இதுவே பொது அளவுகோல்.

சித்தர் நெறியைப் பாருங்கள். கடையத்துக்கு அருகே தோரணமலை, படுத்த யானையைப் போன்ற தோற்றத்தால் வாரணமலை என்றும் சொல்லப்படும். உச்சிக் குகையில் முருகன். அந்தச் சிலை ஒரு சுனைக்குள்ளிருந்து கண்டெடுக்கப்பட்டது என்கிறது தலவரலாறு. மலையில் 64 சுனைகள் உண்டென்று வழக்கு. அகத்தியர் இங்கே மருத்துவம் கற்பித்ததாகவும், மன்னனின் தலைக்குள் இருந்த தேரையை அறுவையின்போது சீடன் சமயோசிதமாகத் தண்ணீர் காட்டி வெளியேற்றித் தேரையர் என்று பெயர் பெற்றதாகவும் கதை. அந்தக் கதையிலும் தேரையைக் கவர்ந்து வெளியே கொண்டுவருவது தண்ணீரே. குற்றாலத்து மலையில் பரதேசிப் புடை என்னும் குகைகள் இருக்கின்றன, தவசிகள் தங்கிய இடங்கள். அருகில் நீர் இல்லாத குகையை எந்தத் தவசியும் தேர்ந்ததில்லை. போகர் சீனம் போய் வந்தவர் என்று சித்தர் மரபு சொல்லிக்கொள்வதை வரலாறாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் மூலிகை, மூச்சு, குகை, தனிமை என்று நம் சித்தர்களும் தாவோ துறவிகளும் ஒரே வகை மலையைத் தேடினார்கள் என்பது உண்மை. இந்த நெறியின் தரம் கூட்டத்தால் அளக்கப்படுவதில்லை. சத்தம் போடாமல் ஏறி, எதையும் பிடுங்காமல் இறங்குகிறவனே இதில் தேறியவன்.

குற்றாலத்தில் அளவுகோல் வேறு மாதிரித் தோன்றும். இங்கே ஏறுவதைவிட நனைவதே முதல். சம்பந்தர் பாடிய தலம், சங்கு வடிவக் கோயில், ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை எல்லாம் இருந்தும், வருகிறவர் முதலில் தேடுவது பொங்குமாங்கடலில் மோதித் தெறித்து விழும் பேரருவியைத்தான். அதற்கு மேலே செண்பகாதேவி அருவி, அம்மன் கோயில், இன்னும் மேலே தேனருவி. இப்போது மேலே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அது எனக்குச் சரியாகவே படுகிறது. கீழ் அருவிகளில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் போட்டுக் குளிப்பதை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடைசெய்ய வேண்டியிருந்தது என்றால், தீர்த்தத்துக்கும் குளியலறைக்கும் வேற்றுமை மறந்துபோன நிலைக்கு நாம் வந்துவிட்டோம் என்று பொருள். இன்னொன்றும் மறந்தது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று. கீழே மழையே இல்லாதபோதும் மேலே பெய்த மழை நொடியில் இறங்கும். அருவிநீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால் உடனே விலக வேண்டும். சாரல் காலத்தில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இது.

சாஸ்தா மரபைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். பண்பொழி, மேக்கரை வழியே மலையேறினால் அச்சன்கோவில். மார்கழியில் புனலூரிலிருந்து தென்காசி வழியாக வரும் திருவாபரணப் பெட்டிக்கு இப்பகுதி மக்கள் தரும் வரவேற்பு, 1956-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன் திருவிதாங்கூரில் இருந்த நாட்களின் தொடர்ச்சி. மாலை, விரதம், வெறுங்கால் ஆகிய மூன்றும் பிசகாமல் இருப்பது இந்த மரபின் கண்டிப்பு.

இனிப் பொதிகை. கி.பி. 640 அளவில் காஞ்சிபுரம்வரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங், அதற்குத் தெற்கேயுள்ள மலகூட நாட்டைப் பற்றிக் கேட்டறிந்ததை எழுதிவைத்தார். அங்கே போதலகம் என்றொரு மலை. வழி ஆபத்தானது, பாறைகள் செங்குத்து. உச்சியில் கண்ணாடி போன்ற ஏரி. அதிலிருந்து புறப்படும் ஆறு மலையை இருபது முறை சுற்றிக்கொண்டு தென்கடலில் சேர்கிறது. ஏரிக்கரையில் அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவர் வந்து தங்கும் கல்மாளிகை. உயிரைத் துச்சமாக எண்ணி ஏறுகிறவர்களில் மிகச் சிலரே போய்ச் சேர்வார்கள். அடிவாரத்தில் நின்று மனமுருகி வேண்டுகிறவர்களுக்கோ, அவர் சில வேளை மகேசுவரனாகவும் சில வேளை நீறு பூசிய துறவியாகவும் காட்சி தருவார்.

பௌத்தர் ஒருவர் எழுதிய குறிப்பில் போதிசத்துவர் திருநீறு பூசி நிற்கிறார்! அந்தப் போதலகம் நம் பொதிகையே என்று ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசகா வாதிட்டார். பூங்குளத்தில் ஊற்றெடுத்துக் கடல் சேரும் தாமிரபரணியை அறிந்தவர்களுக்கு அந்த வாதம் எளிதில் மனதில் பதியும். 11-ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர், அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதரிடம்தான் என்று பாயிரத்தில் சொல்லியிருப்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஒரே மலைமேல் சைவர் அகத்தியரைக் கண்டார்கள், பௌத்தர் அவலோகிதரைக் கண்டார்கள், இருவருக்கும் அங்கே தமிழும் தண்ணீரும் கிடைத்தன. சீனக் கடலோரத்துப் புத்துவோ மலைக்கும் லாசாவின் போத்தலா அரண்மனைக்கும் பெயர் தந்தது இந்தப் போதலகமே.

இன்று பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரத்தில், கேரள வனத்துறை ஆண்டின் தொடக்க மாதங்களில் சில வாரங்களுக்கு மட்டும் தரும் அனுமதியோடு ஏறும் மலை. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள். அதை நான் மனமார வரவேற்கிறேன். அதே வேளையில், அந்த மலையைப் புனிதமாகக் கருதி, பெண்கள் ஏறுவதை எதிர்த்த காணி மக்களின் வருத்தத்தையும் நின்று கேட்க வேண்டும். காளியிடம் சொல்லிவிட்டு ஏறு என்று பண்பொழி கற்றுத்தந்த ஒழுங்கு, அங்கே அந்த மக்களிடம் கேட்டுவிட்டு ஏறு என்றாகிறது.

திருமலைக்கு இப்போது உச்சிவரை வாகனப் பாதை இருக்கிறது. முழங்கால் தேய்ந்த அம்மாக்களும் கைக்குழந்தைக்காரர்களும் சந்நிதியைக் காண முடிகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிவாரத்தில் நின்று வேண்டியவர்களுக்கும் காட்சி உண்டென்று யுவான் சுவாங் காலத்திலேயே மக்கள் நம்பியிருக்கிறார்கள். என் கவலை கால் நன்றாக இருக்கிறவர்களைப் பற்றியது. அவர்களும் வண்டியில் போய்வந்தால் நடுவட்டப் பிள்ளையாரும் இடும்பனும் தனித்துப்போவார்கள். படியோரத்துப் புதர், நிழல் தரும் மரம், மழைநீர் ஓடும் ஓடை ஆகியவற்றைத் தினம் பார்த்துவந்த கண்களும் குறையும். படியில் ஆள் நடமாட்டம் குறைந்தால் படி பெயர்வதும் ஓடை அடைபடுவதும் யார் கண்ணிலும் படாது. சுனையில் பிளாஸ்டிக் பாட்டில் மிதப்பதை வண்டியில் வந்து பத்து நிமிடத்தில் திரும்புகிறவர் கவனிப்பதற்கில்லை.

ஆகவே இந்த மலரை வெளியிடும் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். எந்தச் சுனையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், எந்தப் பாறைவழியே மழைநீர் பூஞ்சுனைக்கு வந்துசேரும், எந்த ஆண்டு சுனை வற்றியது, யார் இறங்கித் தூர்வாரினார்கள் என்பதெல்லாம் பண்பொழி, அச்சன்புதூர், நெடுவயல் பக்கத்துப் பெரியவர்களின் வாய்மொழியில் மட்டுமே இருக்கிறது. தைப்பூசத்துக்கு அவர்கள் படியேறி வரும்போதே உட்காரவைத்துக் கேட்டு எழுதிவிடலாம். அடுத்த மலரில் விளம்பரப் பக்கங்களில் நான்கைக் குறைத்தால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.