அரை மணி நேர அரசாங்கம்

புத்தம் புது மருத்துவமனை. அறுவை அரங்கு பளபளக்கிறது. வார்டுகளில் படுக்கைகள் வரிசையாகக் கிடக்கின்றன. கணக்குப் பிரிவு, ஆவணப் பிரிவு, உணவுப் பிரிவு என்று 500 பேர் மும்முரமாக வேலை பார்க்கிறார்கள். நோயாளி மட்டும் ஒருவர்கூட இல்லை. மருத்துவர்களையும் செவிலியர்களையும் நியமிக்கப் பணம் ஒதுக்கப்படவில்லை. பார்வையிட வந்த அமைச்சர் பதறிப்போகிறார். நிர்வாகியான அம்மையாருக்கு அந்தப் பதற்றம் புரியவே இல்லை. நாட்டிலேயே ஒழுங்காக நடக்கும் மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று என்கிறார். தூய்மைக்கான விருதுக்குக்கூடப் பெயர் போயிருக்கிறதாம்.

1981-ல் பிபிசி 2 ஒளிபரப்பிய 'எஸ் மினிஸ்டர்' தொடரின் 'தி கம்பாஷனேட் சொசைட்டி' என்ற எபிசோட் இது. ஆன்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் எழுதிய இத்தொடர் 1980-ல் தொடங்கியது. 1984-ல் கிறிஸ்துமஸையொட்டி வந்த 'பார்ட்டி கேம்ஸ்' என்ற ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோடில் அமைச்சர் பிரதமராகிறார். அதன் பிறகு 1986 முதல் 1988 வரை 'எஸ் பிரைம் மினிஸ்டர்'. எல்லாம் சேர்த்து 38 எபிசோடுகள்தாம். எண்பதுகளில் இதைவிட அதிகம் சிரிக்கவைத்த தொடர்கள் உண்டு. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதை மட்டுமே வைத்துக்கொண்டு இவ்வளவு விறுவிறுப்பைக் கிளப்பிய தொடர் வேறு இல்லை என்பேன்.

துரத்தல் கிடையாது, காதல் கிடையாது, வழுக்கி விழுவது கிடையாது. பெரும்பாலும் ஒரே அலுவலக அறை, ஒரு மேசை, மூன்று மனிதர்கள். நிர்வாக விவகாரத் துறை என்ற கற்பனைத் துறைக்கு அமைச்சராக வரும் ஜிம் ஹேக்கர். அந்தத் துறையின் நிரந்தரச் செயலாளர் சர் ஹம்ப்ரி ஆப்பிள்பி. இருவருக்கும் நடுவே அமைச்சரின் தனிச் செயலர் பெர்னார்ட் வூலி. அமைச்சர் எதையாவது செய்ய நினைப்பார். செயலாளர் அது நடக்காமல் பார்த்துக்கொள்வார். கதை அவ்வளவுதான். அதை 38 விதமாகச் சொல்லியும் சலிக்கவில்லை என்றால், காரணம் பாத்திரப் படைப்பில் இருக்கிறது.

எழுத்தாளர்கள் யாரையும் வில்லனாக்கவில்லை. ஹேக்கர் நல்லவர்தான், ஆனால் பத்திரிகையில் பெயர் வரும் என்றால் கொள்கை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஹேக்கராக நடித்த பால் எடிங்டனின் முகத்தில் அந்த வளைவைக் கண்ணால் பார்க்கலாம். புகழ் வாசனை அடித்ததும் நெஞ்சு நிமிரும், குரல் சர்ச்சிலின் குரலாக மாறும். ஆபத்து என்றதும் கண்கள் கதவைத் தேடும். ஹம்ப்ரியும் நேர்மையற்றவர் அல்லர். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள், அரசாங்கம் நிலையாக இருக்க வேண்டும் என்று மனதார நம்புகிறவர். அந்த நம்பிக்கை அவருடைய வசதிக்கும் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

ஹம்ப்ரியாக நடித்த நைஜல் ஹாதார்னின் நீண்ட வாக்கியங்களே இத்தொடரின் பேர்பெற்ற அம்சம். ஒப்புக்கொள்ளக் கூடாத ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டிய நெருக்கடி வரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் புறப்படும். துணை வாக்கியம், அதற்குள் இன்னொன்று, ஒரு நிபந்தனை, அதற்கொரு விலக்கு என்று வளர்ந்துகொண்டே போகும். கேட்கிறவர் எழுவாயைத் தொலைத்துவிட்டுத் திண்டாடும் நேரத்தில், தனி ஆவர்த்தனம் முடித்து மிருதங்கக்காரர் சமத்தில் வந்து விழுவதுபோல, வாக்கியம் துளி பிசகாமல் முடியும். பிபிசி இதை அரங்கில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் பதிவு செய்தது. இந்த வாக்கியங்கள் முடிந்ததும் எழும் கைதட்டல் அவர்களுடையது. அந்த நேரத்தில் ஹாதார்னை மட்டும் பார்க்காதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் எடிங்டனையும் பாருங்கள். பாதி வாக்கியத்தில் அவர் முகம் புரிந்ததுபோல் மலர்ந்து, அடுத்த துணை வாக்கியத்தில் இருண்டுபோகும். நகைச்சுவையில் பாதி அந்த முகத்தில் இருக்கிறது.

எனக்குப் பிடித்த பாத்திரம் பெர்னார்ட். டெரக் ஃபௌல்ட்ஸ் அவரை மிகவும் அடக்கி வாசித்திருக்கிறார். அவருக்கு இரண்டு எஜமானர்கள்: தினமும் யாருக்கு வேலை செய்கிறாரோ அந்த அமைச்சர், தம் எதிர்காலப் பதவி உயர்வைக் கையில் வைத்திருக்கும் செயலாளர். இருவரும் ஒரே கேள்வியைக் கேட்கும்போது, பொய்யும் சொல்லாமல் உண்மையையும் சொல்லாமல் தப்பிக்க வேண்டும். யாராவது உவமை சொன்னால் அதில் இலக்கணப் பிழையோ தர்க்கப் பிழையோ கண்டுபிடித்துத் திருத்துவது அவர் வழக்கம். பதற்றத்தில் இருப்பவன் சின்ன விஷயத்தில் துல்லியம் காட்டி ஆறுதல் தேடுவதை இதைவிட நயமாக எழுதிவிட முடியாது.

'தி மினிஸ்டீரியல் பிராட்காஸ்ட்' என்ற 1986 எபிசோடில் இந்த பெர்னார்டுக்கு ஹம்ப்ரி ஒரு பாடம் நடத்துகிறார். இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவப் பணி வேண்டும் என்று மக்கள் விரும்புவதாகக் கருத்துக்கணிப்பு ஒன்று சொல்கிறது. ஹம்ப்ரி அசரவில்லை. வேலையில்லாத இளைஞர்கள், பெருகும் குற்றங்கள், பள்ளிகளில் ஒழுங்கின்மை என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ராணுவப் பணியைப் பற்றிக் கேட்கிறார், பெர்னார்ட் ஆதரிக்கிறார். அடுத்து போர் அபாயம், பெருகும் ஆயுதங்கள், இளைஞர் கையில் துப்பாக்கி, விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்துவது என்று இன்னொரு வரிசை. அதே பெர்னார்ட் எதிர்க்கிறார். ஓரிரு நிமிடக் காட்சிதான். தேர்தல் நேரத்தில் நம் தொலைக்காட்சிகளில் ஓடும் கணிப்புகளைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எப்போதும் செயலாளரே ஜெயித்தால் சலித்துவிடும் என்பது எழுத்தாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 'தி ஸ்கெலிட்டன் இன் தி கப்போர்ட்' எபிசோடில், 30 ஆண்டுகளுக்கு முன் அரசுக்குப் பெரும் பணத்தை இழக்கவைத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இளைஞர் ஹம்ப்ரிதான் என்பது தெரிந்துவிடுகிறது. கெஞ்சும் ஹம்ப்ரியை ஹேக்கர் ரசித்து ரசித்துப் பார்க்கிறார். அந்த ஒப்பந்தக் கோப்பை வெளியிட வேண்டிய நாள் வருகிறது. கோப்பு வரும், உள்ளே காகிதம் இருக்காது. சில தாள்கள் 1967 வெள்ளத்தில் போய்விட்டனவாம். அந்த வருஷக் குளிர்காலம் அவ்வளவு மோசமா என்று கேட்டால், மிக அருமையான குளிர்காலம், சங்கடமான கோப்புகள் எத்தனையோ போயின என்ற பொருளில் பதில் வருகிறது.

சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்ளும் எபிசோடும் உண்டு. 1982-ல் வந்த 'தி விஸ்கி பிரீஸ்ட்'. பிரிட்டனில் செய்த வெடிகுண்டுக் கருவிகள் இத்தாலியப் பயங்கரவாதிகள் கைக்குப் போவதாக ஹேக்கருக்குத் தகவல் வருகிறது. பிரதமரிடம் சொல்லியே தீருவது என்று புறப்படுகிறார். பதவிக்கு ஆபத்து என்று கட்சிக்காரர் உணர்த்தியதும் தயங்குகிறார். பிறகு வீட்டில் உட்கார்ந்து குடிக்கிறார். நல்லதும் கெட்டதும் எங்கள் வேலையில் சேராது என்று ஹம்ப்ரி விளக்கும்போது, நானும் ஒருநாள் இப்படி ஆகிவிடுவேனா என்று பெர்னார்ட் கேட்கும் இடத்தில் இது சிட்காம் என்பதே மறந்துபோகும்.

குறை இல்லாமல் இல்லை. அதிகாரி என்றாலே முட்டுக்கட்டை என்ற எண்ணத்தைத் தொடர் ஆழமாக ஊன்றிவிட்டது. அரசு எந்திரத்தால் நல்லது நடந்த கதை இதில் அரிது. அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர் இதன் பரம ரசிகையாக இருந்ததில் வியப்பில்லை. 1984-ல் எடிங்டனோடும் ஹாதார்னோடும் ஒரு சிறு காட்சியில் தாமே நடிக்கவும் செய்தார். ஆனாலும் ஹேக்கர் எந்தக் கட்சி என்று தொடர் கடைசிவரை சொல்லவில்லை. அந்த ஒரு முடிவால் இன்றுவரை பழசாகாமல் தப்பித்திருக்கிறது.

இந்தியாவுக்கும் இத்தொடர் வந்தது. 2001-ல் ஸ்டார் பிளஸில் ஃபரூக் ஷேக் அமைச்சராகவும் ஜெயந்த் கிருபளானி செயலாளராகவும் நடிக்க 'ஜி மந்திரிஜி' என்று இந்தியில் எடுத்தார்கள். மாறுகிற அமைச்சர், மாறாத செயலகம் என்ற ஏற்பாடே பிரிட்டனிடமிருந்து நமக்கு வந்ததுதானே. 'ஆவன செய்யப்படும்', 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில்களைக் கையில் வாங்கிப் பழகிய நமக்கு சர் ஹம்ப்ரி அந்நியர் அல்லர்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதல் எபிசோடில் தொடங்க வேண்டியதில்லை. நோயாளி இல்லாத மருத்துவமனையில் தொடங்குங்கள். அடுத்து காணாமல் போன கோப்பு. மூன்றாவதாக 'விஸ்கி பிரீஸ்ட்'. சப்டைட்டிலை அணைக்க வேண்டாம். ஹம்ப்ரியின் வாக்கியங்களை ஒருமுறை கேட்கவும் மறுமுறை வாசிக்கவும் வேண்டும்.