இரட்சணிய யாத்திரிகத்தில் அகப்போராட்டம்: ஸ்கந்தபுரத்தில் எழுந்த ஒரு வினா

நன்மை இன்னதென அறிந்தும் தீமைக்கு இணங்கிவிடும் மனத்தின் போராட்டம் கிறிஸ்தவ இலக்கியத்தின் தலையாய பொருள்களுள் ஒன்றாகும். பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரம் இதற்கு ஊற்றாக அமைகின்றது. தான் வெறுப்பதையே தான் செய்வதாக அங்கு முறையிடும் குரல் மனந்திரும்பாதவனுடையதா, திரும்பியவனுடையதா என்பது நெடுங்கால வழக்கு. முதலில் முன்னைய கருத்தினைக் கொண்டிருந்த அகுஸ்தீன் பிற்காலத்திற் பின்னையதற்கு மாறினார். அருள் பெற்ற பின்னரும் போராட்டம் ஓய்வதில்லை என்பதே அம்மாற்றத்தின் பொருள்.

இப்பொருளைத் தமிழிற் காப்பியமாக்க முயன்றவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827 - 1900). வைணவராய்ப் பிறந்து 1858 இல் கிறிஸ்தவரான இவர், 1678 இல் வெளிவந்த ஜான் பனியனின் உரைநடை நூலைத் தழுவி, கம்பனது செய்யுள் நெறியில் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894 இல் வெளியாயிற்று. பனியனின் பயணி இங்கு ஆன்மவிசாரி எனப் பெயர் பெறுகின்றான். அப்பெயரே ஒரு விமர்சனம் எனலாம். மூலநூலில் அவன் முதுகிற் சுமையோடு அழுதுகொண்டு நிற்கும் சாதாரணன். தமிழிலோ ஆன்மாவை விசாரிப்பவன், ஏறத்தாழ ஒரு தத்துவ மாணவன்.

காப்பிய மரபு கிருஷ்ணபிள்ளைக்குக் கொடுத்தது பெரிது. மூலநூலிற் சில வரிகளுள் முடிந்துவிடும் சிலுவைக் காட்சியை, அவர் இயேசுவின் பாடுகள் முழுவதையும் விரித்துரைக்கும் பகுதியாக வளர்த்தெடுத்தார். நூலின் உயர்ந்த கவிதை அங்கேயே உள்ளது. ஆயினும் அம்மரபு அவரிடமிருந்து பறித்துக்கொண்டதும் உண்டு. தமிழ்க் காப்பியத் தலைவன் தடுமாறுதல் அரிது. தடுமாற்றம் பக்கப் பாத்திரங்களுக்கு உரியது. கம்பனிலும் அறத்தை அறிந்தே மறத்தின் பக்கம் நிற்பவன் கும்பகருணன் அல்லனோ? (அவனுடையது செஞ்சோற்றுக் கடன், பலவீனமன்று. அது வேறு.) எனவே பவுலின் பிளவுண்ட குரலை நாம் கிருஷ்ணபிள்ளையின் கதையோட்டத்திற் காண்பதிலும், இடையிடையே அவர் பெய்துள்ள தேவாரப் பாடல்களிலேயே மிகுதியும் கேட்கின்றோம். அங்கு அவருக்குத் துணை நின்றது பனியன் அன்று. தம்மை இழித்துரைத்து இறைவனிடம் முறையிடும் நம் பக்திப் பாடல் மரபே.

கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயனை அடுத்துள்ள ஸ்கந்தபுரத்தில், சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இந்நூலைப் பற்றிப் பேச நேர்ந்தது. ஊர்ப்பெயருக்கு ஏற்பக் கேட்போர் பெரும்பாலும் சைவர். கோயில்களிற் கந்தபுராணப் படிப்பும் பயன் சொல்லுதலும் கேட்டு வளர்ந்தவர்கள். சூரபன்மன் அழிக்கப்படாது மயிலும் சேவலுமாக மாற்றப்பட்டதை அறிந்த அவர்களுக்கு, பாவத்தோடு போராடும் பயணியின் கதை அந்நியமாக இருக்கவில்லை. ஆணவம் அழிவதில்லை, அதன் வலியே அடங்குகின்றது என்ற சித்தாந்தக் கருத்தும் அவர்களுக்குக் கைவந்தது. கதையின் தொடக்கத்திலேயே தடை வேறோரிடத்திலிருந்து வந்தது.

மூலநூலில் அழிவூரை விட்டு ஓடும் பயணியை மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வருமாறு கூவி அழைக்கின்றனர். அவன் காதுகளை விரல்களால் அடைத்துக்கொண்டு, நித்திய வாழ்வென்று கத்தியவாறு ஓடுகின்றான். இவ்விடத்தில் ஒரு முதியவர் எம்மில் ஒருவரை இடைமறித்தார். "தம்பி, மனிசி பிள்ளையளை விட்டிட்டு ஓடினவனுக்கு மோட்சமோ?"

அவையில் எவரும் சிரிக்கவில்லை. 1996 இற் கிளிநொச்சி நகரிலிருந்து பெயர்ந்தோர் பெருந்தொகையாக வந்து தங்கிய ஊர் அது. 2008 இல் அவ்வூரும் வெறிதாயிற்று. மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்து பெயர்ந்து 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எஞ்சினர். நடக்க இயலாதவரை விட்டு நடத்தல், காயப்பட்டவரின் அழைப்பைக் கேட்டும் நில்லாது போதல் என்பன அங்கு உருவகங்கள் அல்ல. பனியனுக்கு முதல் நற்செயலாக இருந்தது, இவ்வாசகர்களுக்கு முதற் பாவமாகத் தோன்றிற்று.

முற்போக்குத் திறனாய்வு இத்தகைய நூல்களுக்குத் தரும் விடையை நாம் அறிவோம். அகப்போராட்டம் தனிமனித வாதத்தின் விளைவு. சமூக முரண்பாட்டை நெஞ்சுக்குள் அடைத்துவைக்கும் உத்தி. கைலாசபதிக்குப் பின் வந்த எம்மிற் பலரும் இவ்வாறு எழுதியுள்ளோம். அதில் உண்மை இல்லாமலில்லை. போர் ஒருவனிடமிருந்து பறித்த தெரிவினை அவனது இச்சையின் குற்றமாகக் கொள்ளும் இறையியல் கொடிது. பவுலின் பகுப்பில் இச்சையுண்டு, நிர்ப்பந்தத்திற்கு இடமில்லை. ஆனால் வரலாறே காரணம் என்ற விளக்கத்தை அம்முதியவருக்குச் சொல்லிப் பார்க்கும்போது அதன் போதாமை புலனாகும். காரணம் அவருக்கு எம்மைவிட நன்கு தெரியும். தெரிந்தும் அவர் கேட்கின்றார். அக்கேள்வியைப் போலிப் பிரக்ஞை என ஒதுக்குவது விமர்சனமாகாது.

பனியனிடமே இதற்கு நெருங்கிய ஓரிடம் உண்டு. சுமை நீங்கி நெடுந்தூரம் வந்த பின், பாதை கரடாயிருக்கின்றதென்று பயணி தானே பக்கத்துப் புல்வெளிக்கு இறங்குகின்றான். தயங்கிய தோழனையும் இணங்கச் செய்கின்றான். வழி தவறியதும் தோழனிடம் மன்னிப்புக் கேட்கின்றான். பின்னர் இருவரும் நம்பிக்கையின்மை என்னும் அரக்கனின் சிறையில் அடைபடுகின்றனர். தற்கொலை செய்துகொள்ளும்படி அரக்கன் அவர்களுக்கு அறிவுரை கூறுகின்றான். நூல் முழுவதிலும் எமக்கு மிக உண்மையாகப் படும் பகுதி இதுவே. இங்கு பாவம் கடவுளுக்கு எதிரான குற்றமாக மட்டும் நிற்கவில்லை. உடன் நடந்தவனுக்கு இழைத்த தீங்காக, அவன் முகம் பார்த்துச் சொல்லவேண்டியதாக இருக்கின்றது. இத்தகைய மன்னிப்பு, வீட்டில் விட்டுவந்தவர்களிடம் கேட்கப்படவில்லை என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.

1684 இல் வந்த இரண்டாம் பாகத்தில் மனைவியும் பிள்ளைகளும் அதே வழியிற் புறப்படுகின்றனர் என்று முதியவருக்குக் கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"அவன் கூட்டிக்கொண்டு போகத் திரும்பி வரேல்லையோ?"

இல்லை. பனியனில் அவன் திரும்பி வருவதில்லை.