ஜன்னலுக்கு யார் பெயின்ட் அடித்தது?

'நேத்து ராத்திரி வரைக்கும் வெள்ளையா இருந்தது ஸார். காலையில திறந்தா ஒரே கறுப்பு. நான் ஒண்ணுமே பண்ணலை.'

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைகளில் அடிக்கடி கேட்கிற வாக்குமூலம் இது. யாரும் நம்புவதில்லை. 'எதையாவது அமுக்கியிருப்பீங்க' என்று கடைப்பையன் சிரிக்கிறான். வீட்டில் என்றால் பிள்ளை மேல் பழி, ஆபீஸ் என்றால் ஆபரேட்டர் மேல். நான் அந்த 'ஒண்ணுமே பண்ணலை' ஆசாமியின் கட்சி. எதையோ அமுக்கியிருப்பார்தான். ஆனால், எதை அமுக்கினோம் என்று அவருக்குத் தெரியாமல் போனது அவர் குற்றமில்லை.

விண்டோஸில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் வருகிற ஜன்னலைத்தான் சொல்கிறேன். அதன் நிறம் தானாக மாறுகிற கதை இன்று நேற்றையதல்ல. 2001-இல் எக்ஸ்பி வந்தது. நீலம், ஆலிவ் பச்சை, வெள்ளி என்று மூன்று சட்டைகள் கொண்டுவந்தது. திடீரென்று ஒரு நாள் மூன்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய விண்டோஸின் சாம்பல் வேட்டியோடு நிற்கும். டெஸ்க்டாப் நிறங்களுக்கான டிஸ்ப்ளே பெட்டியை நீங்கள் தொட்டே இருக்கமாட்டீர்கள். நடந்தது என்னவென்றால், 'மெஷின் ஸ்லோவா இருக்கு' என்று யாரோ ஒரு நண்பர் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்று இறங்கி, 'வேகம்தான் முக்கியம்' என்ற பொருளில் ஒரு புள்ளி வைத்திருப்பார். அதில் அலங்காரம் மொத்தமும் போய்விடும். ஹால் விளக்குக்கான ஸ்விட்சை மொட்டை மாடியில் வைத்த மாதிரி. தீம்ஸ் என்றொரு சர்வீஸ் பின்னணியில் நின்றுபோனாலும் இதே கோலம்தான்.

அதே எக்ஸ்பியில் இன்னொன்று. சில ஃபைல்களின் பெயர் மட்டும் நீலமாகிவிடும். 'வைரஸ் ஸார்' என்று எத்தனை பேர் பதறியிருப்பார்கள்! வைரஸுமில்லை, ஒன்றுமில்லை. டிஸ்க் க்ளீனப் ஓட்டியபோது 'பழைய ஃபைல்களைச் சுருக்கு' என்பதற்கு டிக் விழுந்திருக்கும். சுருக்கிய ஃபைலுக்கு நீலம், பூட்டுப் போட்ட ஃபைலுக்குப் பச்சை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீலம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஜன்னலில் ஓர் ஓரத்திலாவது ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம் இல்லையா?

பச்சை என்றதும் கண் டாக்டர்கள் அல்லாத கண் நிபுணர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். 'வெள்ளைத் திரை கண்ணைக் கெடுக்கும், வெளிர்பச்சை வையுங்க, குளிர்ச்சி' என்று ஒரு யோசனை ஆபீஸ் ஆபீஸாகப் பரவியது. அப்பியரன்ஸ் பெட்டியில் 'விண்டோ' என்ற ஐட்டத்தைத் தேர்ந்தெடுத்து நிறத்தை மாற்ற வேண்டும். ஃபோல்டர் ஜன்னல் மட்டும் பச்சையாகும் என்று நினைத்துத்தான் மாற்றுவார்கள். நோட்பேட் பச்சை, எக்ஸெல் கட்டங்கள் பச்சை, வேர்டில் அடிக்கிற கடிதம் பச்சை! பிரின்ட் எடுத்தால் மட்டும் தாள் வெள்ளையாகவே வரும், அந்தமட்டில் பிழைத்தோம். அந்த 'விண்டோ' என்ற ஒற்றைச் சொல், எல்லா புரோகிராம்களும் எழுதுகிற பின்னணிக்கான பொதுப்பெயர். அது பயனருக்குத் தெரிய வழியே இல்லை.

இதில் புரோகிராம் எழுதியவர்களுக்கும் பங்குண்டு. பலர் எழுத்தின் நிறத்தைத் தாங்களே 'கறுப்பு' என்று அடித்து வைத்துவிட்டு, பின்னணியை மட்டும் விண்டோஸிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஊரிலுள்ள எல்லாத் திரையும் வெள்ளை என்ற நம்பிக்கை! நீங்கள் பின்னணியைக் கறுப்பாக்கினால், கறுப்பு மேல் கறுப்பு. ஃபைல் காலியாகிவிட்டது என்று நினைத்து அழுவதுதான் பாக்கி. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் அந்தப் பெட்டியையே தூக்கிவிட்டார்கள். நிறங்களின் எண்கள் மட்டும் ரெஜிஸ்ட்ரிக்குள் இன்னும் குடியிருக்கின்றன. வெள்ளைக்கு 255 255 255.

நான் பி.காம். முதல் வருடம் அக்கவுன்டன்ஸி படித்தபோது ஒவ்வொரு ஜர்னல் என்ட்ரிக்கும் கீழே 'பீயிங்...' என்று ஆரம்பித்து ஒரு வரி எழுதியாக வேண்டும். பணம் எதற்காகப் போனது, யாருக்குப் போனது. நரேஷன் என்று பெயர். அது இல்லாத என்ட்ரி, கூட்டல் சரியாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியது. விண்டோஸ் மேல் என் புகாரும் இதுதான். நிறத்தை மாற்று, வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே ஒரு வரி எழுது.

முடியாதா என்றால், முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் திட்டித் தீர்த்த விஸ்டாவில்! 2007 ஜனவரி கடைசியில் கடைக்கு வந்த அந்த விஸ்டாவில், கண்ணாடி மாதிரி ஜன்னல் திடீரென்று சாதா ஜன்னலாக மாறினால் மூலையில் ஒரு குமிழ் வரும். நிறத் திட்டம் மாறிவிட்டது, இன்ன புரோகிராம்தான் காரணம் என்று பெயரோடு சொல்லும். அந்தப் புரோகிராமை மூடினால் கண்ணாடி திரும்பிவிடும். அருமையான நரேஷன். விஸ்டாவைப் பாராட்டி எழுதுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

பிறகு வந்தவர்கள் அந்தப் பழக்கத்தை வளர்த்திருக்க வேண்டும். வளர்க்கவில்லை. விண்டோஸ் 10-இலும் 11-இலும் வால்பேப்பரைப் பார்த்துத் தானாகவே நிறம் பொறுக்குகிற வசதி இருக்கிறது. வால்பேப்பர் ஸ்லைட்ஷோ ஓடினால், ஊட்டிப் படத்துக்கு ஒரு நிறம், பேத்தியின் பிறந்தநாள் படத்துக்கு இன்னொரு நிறம் என்று ஜன்னல் விளிம்பும் கூடவே மாறிக்கொண்டிருக்கும். ஏன் மாறுகிறது என்று எங்கேயும் பேச்சில்லை. ஃபோல்டர் ஜன்னலுக்கு 2018 அக்டோபர் அப்டேட்டில் டார்க் மோட் வந்தது. ஜன்னல் கறுப்பு, ஃபைல் காப்பியாகும் பெட்டி மட்டும் வருடக்கணக்கில் பளீர் வெள்ளை. 2025 டிசம்பர் ஆரம்பத்தில் அதைச் சரிபண்ண ஒரு முன்னோட்ட அப்டேட் விட்டார்கள். இருட்டு ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வெள்ளை மின்னல் அடித்தது. மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது.

இருந்த நிறமெல்லாம் போய், ஒரேயடியாகக் கறுப்பும் பளிச்சென்ற எழுத்துமாக ஆகிவிட்டதா? அது கான்ட்ராஸ்ட் தீம். இடதுபக்க ஆல்ட், இடதுபக்க ஷிஃப்ட், பிரின்ட் ஸ்கிரீன் - மூன்றும் சேர்ந்தால் வரும். ஜன்னலைப் படமெடுக்க ஆல்ட்டும் பிரின்ட் ஸ்கிரீனும் போதும். சுண்டுவிரல் தவறி ஷிஃப்ட்டில் பட்டால் 'போடட்டுமா?' என்று கேட்கும். அவசரத்தில் என்டர் தட்டுவோம், முடிந்தது கதை. இதை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கமாட்டேன். பார்வை மங்கலானவர்களுக்கு அது அலங்காரமில்லை, திரையைப் படிப்பதற்கான ஒரே வழி. அதே மூன்றையும் மறுபடி அமுக்கினால் பழைய நிறம் வந்துவிடும் என்பதையும் அந்தக் கேள்வியிலேயே சேர்த்திருந்தால் பாதிப் பேர் கடைக்குப் போகமாட்டார்கள்.

மற்றபடி செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதற்குள் கலர்ஸ். லைட், டார்க் இரண்டும் அங்கேதான். ஆக்ஸென்ட் கலர் ஆட்டோமேட்டிக்கில் இருந்தால் மேனுவலுக்கு மாற்றி நிறத்தை நீங்களே வைத்துவிடுங்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். கடையில் அடுத்த வசனம் என்ன தெரியுமா? 'ஃபார்மட் பண்ணிடலாம் ஸார்.' நிறம் மாறியதற்காக கல்யாண போட்டோவும், வருமான வரிக் கணக்கும், பாதி எழுதிய வீட்டுக்கடன் மனுவும் சேர்த்து அழிகிற வைத்தியம் அது. இந்த நிறங்களெல்லாம் பெரும்பாலும் யூசருக்கு யூசர் தனித்தனியாகச் சேமிக்கப்படுபவை. எனவே ஃபார்மட்டுக்குத் தலையாட்டுவதற்கு முன்னால் புதிதாக ஒரு யூசர் அக்கவுன்ட் போட்டு, அதில் நுழைந்து, ஒரு ஃபோல்டரைத் திறக்கச் சொல்லுங்கள். ஜன்னல் பழையபடி வெள்ளையாக வந்தால், கோளாறு உங்கள் அக்கவுன்ட்டின் செட்டிங்கில்தான். மெஷினை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.